இடைக்காலக் கூடுகைகளில் பழைய வாள்வித்தைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எஸ்.சி.ஏ. என்பார்கள். இடைக்கால ஐரோப்பா போல உடுத்தி, சமைத்து, கூடாரம் போட்டுத் தங்கி, சண்டையும் போடும் கூடுகைகளை அது நடத்துகிறது. அங்கே பழைய ஐரோப்பியச் சண்டை ஏடுகளைப் பார்த்து வாள் பழகும் வகுப்புகளை ஒழுங்குசெய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. புதிதாக வருபவர்கள், வேடிக்கை பார்க்க வரும் தமிழ் நண்பர்கள், தங்கள் ஊர்க் கூடுகையிலும் தொடங்க நினைப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். விதிகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். களத்தில் பாதுகாப்பைக் கவனிக்கும் உங்கள் ஊர் மார்ஷல் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

"இது நாடகமா, விளையாட்டா, நிஜமாவே அடிச்சுக்கறீங்களா?"

மூன்றும் உண்டு, ஆனால் ஒரே களத்தில் இல்லை. இங்கிலாந்தில் 1066 அக்டோபர் 14 அன்று நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை அந்தப் போர்க்களத்து மடாலய மைதானத்திலேயே நடித்துக் காட்டுகிறார்கள். அதில் ஹரால்டு மன்னர் எத்தனை நன்றாகச் சண்டை போட்டாலும் சாயங்காலம் செத்துத்தான் ஆகவேண்டும். எஸ்.சி.ஏ. சண்டையில் அப்படி முடிவு எழுதிவைப்பதில்லை. 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நண்பர்கள் கூடி மோதியதில் தொடங்கியது அது. இன்றைக்கும் அதன் ஒவ்வொரு 'அரசு'க்கும் ராஜா யார் என்பதைக் களத்தில் ஜெயித்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் இங்கே பேசப்போவது. 14, 15, 16-ஆம் நூற்றாண்டு ஆசான்கள் எழுதிவைத்த ஏடுகளைப் படித்து, அவர்கள் சொன்ன வெட்டையும் தடுப்பையும் ஜோடியாக நின்று செய்து பார்ப்பது. 'ஹிஸ்டாரிக்கல் யூரோப்பியன் மார்ஷியல் ஆர்ட்ஸ்' என்பதை 'ஹேமா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

"அந்தக் காலத்து வாள் பத்துப் பதினஞ்சு கிலோ இருக்குமாமே, என்னால தூக்க முடியுமா?"

முடியும். அருங்காட்சியகங்களில் இருக்கும் இருகை வாள்கள் பெரும்பாலும் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றேமுக்கால் கிலோவுக்குள்தான் இருக்கின்றன. ஒருகை வாள் அதைவிடக் குறைவு. உடம்பு முழுக்க மூடும் தகட்டுக் கவசமே இருபது, இருபத்தைந்து கிலோதான். அதுவும் தோள், இடுப்பு, தொடை என்று பிரிந்து உட்காரும்.

ஆனால் ஒன்றரைக் கிலோ வாளைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்று பாருங்கள், அப்போது தெரியும்.

"எஸ்.சி.ஏ.ல ஏற்கெனவே சண்டை இருக்கே, அப்புறம் எதுக்குத் தனியா ஒரு வகுப்பு?"

வாளுக்குப் பதில் பிரம்புத் தடி பிடித்து மோதும் எஸ்.சி.ஏ.வின் பிரம்புச் சண்டை 1966-க்குப் பிறகு தானாக வளர்ந்த ஒரு கலை. பிரம்பின் கனம், கேடயத்தின் அளவு, எங்கே அடிக்கலாம் எங்கே கூடாது என்ற விதி எல்லாம் சேர்ந்து அதற்கென்று ஒரு பாணியை உண்டாக்கியிருக்கின்றன. அதில் கைதேர்ந்தவர்கள் முன்னால் ஏடு படித்தவர்கள் பலர் அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். அதனால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆனால் அது ஏட்டிலிருந்து வந்ததல்ல. ஏட்டில் மல்யுத்தம் இருக்கிறது, குத்துவாள் இருக்கிறது, வாளின் நடுப்பகுதியைக் கையால் பிடித்துக் குத்துவது இருக்கிறது. இதற்கெல்லாம் பிரம்புக் களத்தில் இடமில்லை.

சரி, ஹேமா கிளப்பில் சேர்ந்து உடற்பயிற்சிக் கூடத்திலேயே பழகலாமே என்றால், தாராளமாகப் பழகலாம். கூடுகையில் கிடைப்பது வேறு. ஐந்தாறு மாநிலத்து ஆட்கள் ஒரே புல்வெளியில் இருப்பார்கள். ஒருவரிடம் முழுக் கவசம் இருக்கும், இன்னொருவர் தானே தைத்த பஞ்சு மெத்தைச் சட்டையோடு வருவார், மூன்றாமவர் லத்தீன் படித்திருப்பார். கவசம் போட்டவரை வாளால் வெட்டிப் பயனில்லை, இடுக்கில்தான் குத்த வேண்டும் என்று ஏடு சொல்வதை, கவசம் போட்ட ஆள் எதிரே நிற்கும்போதுதான் புரிந்துகொள்ள முடியும். கிளப்பில் அந்த ஆள் இருக்கமாட்டார்.

"பிரம்பை வச்சு அடிச்சுக்கறதுல என்ன வரலாறு இருக்கு? சிரிப்பா இல்லையா?"

1278-இல் முதலாம் எட்வர்டு மன்னர் வின்ட்சர் பூங்காவில் ஒரு போட்டி வைத்தார். அதற்கு வாங்கிய பொருள்களின் கணக்குச் சுருள் இன்றும் இருக்கிறது. 38 வீரர்களுக்குச் செய்த கவசம் தோல். வாள்கள் திமிங்கிலத் தாடை நாரும் தோல்தாளும் கொண்டு செய்து, வெள்ளிப் பூச்சு கொடுத்தவை. ராஜாவின் ஆட்களே விளையாட்டுக்குப் பொய் வாள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நாம் பிரம்பு பிடிப்பதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

"ஏட்டைப் பார்த்துச் சண்டை கத்துக்க முடியுமா? யார் எழுதினது அதெல்லாம்?"

ஓரளவுக்கு முடியும். கிடைத்தவற்றில் மிகப் பழையது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு ஜெர்மன் ஏடு. வாளும் சிறு வட்டக் கேடயமும் கொண்ட சண்டை. ஒரு பாதிரியார் மாணவனுக்குச் சொல்லித்தருவதாகப் படங்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் காட்சியகத்தில் இருக்கிறது, ஐ.33 என்பது அதன் எண். அடுத்து 1410-ஐ ஒட்டி ஃபெராராவின் நிக்கோலோ தெஸ்தே பிரபுவுக்காக ஃபியோரே தெய் லிபெரி என்ற இத்தாலிய ஆசான் எழுதியது. அதன் நான்கு படிகள் தெரிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு 1570-இல் ஸ்ட்ராஸ்பர்கில் அச்சான யோவாகிம் மேயரின் பெரிய புத்தகம்.

ஜெர்மன் மரபின் மூல ஆசான் யோஹான்னஸ் லீக்டனவர். அவர் விட்டுப்போனது, வெளியாளுக்குப் புரியாதபடி எழுதிய சில செய்யுள்கள் மட்டும். பின்னால் வந்த ரிங்கெக் போன்றவர்கள் ஒவ்வொரு அடிக்கும் பொருள் எழுதினார்கள். நன்னூல் சூத்திரத்தை உரையில்லாமல் படித்தால் எப்படியோ அப்படித்தான் இந்தச் செய்யுளும். அந்த உரைகளும் சில இடங்களில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அங்கேதான் வகுப்பே சூடு பிடிக்கும்.

"எதுல தொடங்கறது நல்லது?"

என்னைக் கேட்டால், கூடுகைக்கு ஐ.33 நல்லது. வாளும் சிறு கேடயமும் மலிவு. நைலான் வாளே போதும். பிரம்புச் சண்டைக்காரர்களுக்குக் கேடயம் பழக்கமானது என்பதால் அவர்களும் ஆர்வமாக வந்து நிற்பார்கள். இருகை வாள்தான் வேண்டும் என்று வருபவர்களுக்கு லீக்டனவர் மரபின் முதல் வெட்டு ஒன்று போதும், ஒரு காலைப்பொழுது ஓடிவிடும்.

அது இப்படி. எதிரி வலத் தோளிலிருந்து வெட்டுகிறார், நீங்களும் உங்கள் வலத் தோளிலிருந்து அதே கோட்டில் வெட்டுகிறீர்கள். இரண்டு வாளும் நடுவில் முட்டி நிற்கும். இப்போது கண்ணால் பார்க்காதீர்கள், கையால் கேளுங்கள். அவர் வாள் தளர்ந்திருந்தால் உங்கள் முனையை நேரே அவர் முகத்துக்கு நீட்டுங்கள். அவர் வாள் இறுகி உங்களை ஒதுக்கித் தள்ளினால், எதிர்த்துத் தள்ளாமல் வாளை மேலே எடுத்து மறுபக்கம் இறக்குங்கள். தளர்வா இறுக்கமா என்பதை முட்டிய அந்த நொடியிலேயே உணர வேண்டும். அதைப் பழக மெதுவாகச் செய்தால்தான் முடியும். வேகமாகச் செய்பவர்கள் எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் வெட்டுவார்கள்.

"கூடுகையில இதை வைக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்?"

முதலில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், அடுத்து அந்த நிகழ்ச்சியின் மார்ஷல். இருவரிடமும் கேட்க வேண்டும். ஒருவர் 'சரி' சொன்னதை இன்னொருவர் சொன்னதாக எடுத்துக்கொண்டால் அன்று காலையில் களத்தில் நின்று வாதாட வேண்டியிருக்கும். மார்ஷலிடம் கேட்கும்போது 'ஹேமா வகுப்பு வைக்கலாமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவர் மனதில் என்ன படம் ஓடும் என்று தெரியாது. 'ஜோடிப் பயிற்சி, நைலான் வாள், எல்லோருக்கும் முகம் மூடும் கம்பிவலை மாஸ்க், சுதந்திரமாக மோதுவது கிடையாது' என்று நாலு வரியில் எழுதிக் கொடுங்கள். மோதலும் உண்டு என்றால், அது எந்த விதியின் கீழ் வருகிறது என்பதையும் எழுதுங்கள். எஸ்.சி.ஏ.வில் பிரம்புக்கு ஒரு விதிநூல், மெல்லிய எஃகு வாளான ரேபியருக்கு வேறு விதிநூல். எஃகு வாளால் வெட்டவும் குத்தவும் செய்யும் 'கட் அண்ட் த்ரஸ்ட்' என்ற பிரிவுக்கும் தனி அனுமதி உண்டு. எதிலும் சேராத ஒன்றை மார்ஷல் மறுத்தால் அவர் மேல் கோபப்பட நியாயமில்லை.

கலந்துகொள்பவர்கள் எல்லோரும் வாசலில் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர் திடீரென்று 'நானும் ஒரு தடவை' என்று கை நீட்டினால், முதலில் அதைத்தான் கேளுங்கள்.

"எவ்ளோ இடம் வேணும்? எந்த நேரம் நல்லது?"

ஒரு ஜோடிக்குச் சுற்றிலும் இருகை வாளை நீட்டிச் சுழற்றினால் யார் மேலும் படாத இடம். அதற்கு மேல் பின்வாங்க நாலைந்து அடி. நான் இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது கூடாரக் கயிறுகளைத்தான். மாஸ்க் போட்டவருக்குக் கால் பக்கம் தெரியாது. பின்வாங்கிக்கொண்டே போய் ஆப்புக் கயிற்றில் தடுக்கி விழுவது சர்வ சாதாரணம். களத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். உள்ளே மாஸ்க் இல்லாமல் யாரும் நிற்கக்கூடாது, சொல்லித்தருபவர் உட்பட. ஒரே கயிற்றுக்குள் ஒரே விதி; இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

நேரம் என்றால் காலைதான். பெரிய கூடுகைகள் கோடையில் வருகின்றன. பென்சில்வேனியாவின் ஸ்லிப்பரி ராக் அருகே கூப்பர்ஸ் லேக் முகாமில் நடக்கும், 1972-இல் தொடங்கிய பென்சிக் போர் ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். பத்தாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். (ஈஸ்ட் கிங்டமும் மிடில் கிங்டமும் மோதும் அந்தப் போரில் தோற்றவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் கேலி.) பத்து மணிக்கு மேல் பஞ்சு ஜாக்கெட்டுக்குள் வெந்துபோவீர்கள். பெரிய போர் நடக்கும் நாளில் வகுப்பு வைக்காதீர்கள். ஆள் வரமாட்டார்கள், வருபவர்களும் களைத்திருப்பார்கள்.

"என்னென்ன வாங்கணும்? முதல்லயே வாள் வாங்கிடவா?"

வேண்டாம், வாள் கடைசி. முதலில் மாஸ்க். ஃபென்சிங் மாஸ்க் 350 நியூட்டன், 1600 நியூட்டன் என்று இரண்டு தரத்தில் வருகிறது. கழுத்துத் துணி எவ்வளவு குத்து தாங்கும் என்பதன் அளவு அது. இரண்டாவதை வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் எந்த மாஸ்க்கும் பின்தலையை மூடாது. ஃபென்சிங்கில் பின்தலையில் அடி விழுவது அரிது, இங்கே விழும். அதற்குத் தனி உறை வேண்டும்.

அடுத்து கையுறை. இருகை வாளில் அதிகம் அடி வாங்குவது விரல், அதிலும் கட்டைவிரல். லக்ராஸ் விளையாட்டுக்காரர்கள் போடும் கையுறை நைலான் வாளுக்குச் சமாளிக்கும், எஃகுக்குப் போதாது. பிறகு தொண்டைக் காப்பு, ஜாக்கெட், முழங்கை, முழங்கால். ஆண்களுக்கு இடுப்புக் காப்பு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாளை வகுப்பில் இரவல் கொடுப்போம். இரண்டு மூன்று வகை பிடித்துப் பார்த்த பிறகு எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

"மாஸ்க்கும் பிளாஸ்டிக் கையுறையும் போட்டா பதினஞ்சாம் நூற்றாண்டு தோற்றமே போயிடுமே?"

போய்விடும். இதற்கு உடைக்காரர்கள், வாள்காரர்கள் இரண்டு தரப்பிலும் முணுமுணுப்பு உண்டு. உடை விஷயத்தில் கறாரான கூடுகைகளில் நான் செய்வது, களத்தைப் பொதுமக்கள் நடக்கும் வழியிலிருந்து தள்ளி, மரத்துக்குப் பின்னால் கேட்டு வாங்கிக்கொள்வது. கறுப்பு மாஸ்க்கின் மேல் லினன் துணியில் தைத்த உறை போடலாம். பின்தலை உறையையும் அதிலேயே சேர்த்துத் தைத்துவிடலாம். ஜாக்கெட்டுக்கு மேல் அரைக்கைத் தளர் அங்கி. இவ்வளவு செய்தாலே பத்தடி தூரத்தில் கண்ணை உறுத்தாது.

அதற்கு மேல் யாராவது தோற்றத்துக்காக மாஸ்க்கைக் கழற்றச் சொன்னால் வகுப்பை ரத்து செய்துவிடுங்கள். மெதுவாகச் செய்யும் பயிற்சியில்கூட வாள் முனை முகத்துக்குத்தான் போகிறது என்று மேலே பார்த்தோம்.

"'ஹோல்ட்'னு கத்தறாங்களே, அது யார் சொல்லலாம்?"

யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கயிற்றுக்கு வெளியே நிற்கும் குழந்தைகூட. கேட்டவர் எல்லோரும் அதே இடத்தில் நிற்க வேண்டும். எதற்கு என்று பிறகு கேட்கலாம். ஹேமா கிளப்பிலிருந்து வருபவர்கள் 'ஹால்ட்' என்று பழகியிருப்பார்கள். இரண்டுக்கும் நிற்போம் என்று வகுப்புத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

"அடி பட்டுதா இல்லையான்னு யார் சொல்றது?"

எஸ்.சி.ஏ.வில் அடி வாங்கியவர். பட்டது போதுமான பலத்தோடு இருந்தால் 'குட்' என்று ஒப்புக்கொண்டு விழுந்துவிடுவார். லேசாக உரசியது என்றால் 'லைட்' என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்வார். பொய் சொல்ல முடியாதா என்றால் முடியும். ஆனால் அடுத்த கூடுகைக்குள் அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியிருக்கும். ஹேமா போட்டிகளில் சுற்றி நடுவர்கள் நிற்பார்கள், கொடி காட்டுவார்கள், புள்ளி எண்ணுவார்கள்.

நம் வகுப்பில் எஸ்.சி.ஏ. முறையையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அடி வாங்கியவரே சொல்லும்போது, தான் எங்கே திறந்து கிடந்தோம் என்பதையும் அவரே யோசிக்கிறார். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்கிறோம்: பலம் பார்ப்பதில்லை. பிரம்புக்காரர்கள் 'இது லைட்' என்று பழக்கதோஷத்தில் தலையாட்டுவார்கள். கூர் வாள் உரசினாலே வெட்டும் என்று நினைவூட்ட வேண்டியிருக்கும்.

"கையில அடிக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழ அடிக்கக் கூடாதுன்னா, ஏட்டுல பாதி வீணாயிடுமே?"

பிரம்புக் களத்தில் அதுதான் விதி: மணிக்கட்டுக்குக் கீழே கையும், முழங்காலிலிருந்து கீழே காலும் இலக்கல்ல. தொடையில் அடிபட்டவர் மண்டியிட்டுச் சண்டையைத் தொடர்வார். இது பாதுகாப்புக்காக வைத்த விதி, வரலாற்றுக்காக அல்ல. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் விஸ்பி நகருக்கு வெளியே 1361-இல் டென்மார்க் படை உள்ளூர் உழவர்களை வெட்டிச் சாய்த்தது. அந்தப் பிணக்குழிகளைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகளில் முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டவை ஏராளம். (அதே விஸ்பியில் இன்று ஆகஸ்டு தோறும் இடைக்கால வாரம் கொண்டாடுகிறார்கள்.)

கை விஷயத்தில் ஏடும் போட்டி விதியும் இன்னும் தூரம். வாள் பிடித்த கைதான் எதிரிக்கு மிக அருகில் நீண்டு இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எங்கே வெட்டுவது? அதனால் கையையும் கீழ்க்காலையும் மோதலில் தொடாமல், மெதுவான ஜோடிப் பயிற்சியில் மட்டும் சொல்லித்தருகிறோம். மல்யுத்தமும் அப்படித்தான். ஃபியோரே தன் ஏட்டை மல்யுத்தத்தில்தான் தொடங்குகிறார், அதைத் தவிர்த்துவிட்டு அவரைப் படிக்க முடியாது. புல்தரையில், ஆயுதம் எல்லாவற்றையும் கயிற்றுக்கு வெளியே வைத்துவிட்டு, பிடிகளை மட்டும் காட்டுங்கள். தூக்கிப்போடுவது வேண்டாம். அதற்குப் பாய் வேண்டும், விழக் கற்றிருக்க வேண்டும்.

"பிரம்புக்காரரும் எஃகு வாள்காரரும் ஒரு கை பார்த்துக்கலாமா? செம சுவாரஸ்யமா இருக்குமே!"

கூடாது. பிரம்பு ஒன்றேகால் அங்குல கனமுள்ள தடி; அதைத் தாங்க எஃகுத் தலைக்கவசம் வேண்டும், ஃபென்சிங் மாஸ்க் நசுங்கிவிடும். மறுபக்கம், எஃகு வாளின் மெல்லிய முனை பிரம்புத் தலைக்கவசத்தின் கம்பி இடைவெளிக்குள் நுழையும். இரண்டு பக்கமும் காப்பு தப்பு. இடம் பற்றிய கேள்வியில் சொன்ன 'ஒரே கயிற்றுக்குள் ஒரே விதி' இதற்காகத்தான். எல்லோரும் பிரம்புக் கவசத்தோடு பிரம்பு பிடித்தால், அல்லது எல்லோரும் மாஸ்க் போட்டு நைலான் பிடித்தால், யாரோடு யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

"பொண்ணுங்க சேரலாமா?"

ஐ.33-இன் கடைசிப் படங்களில் பாதிரியாரோடு வாள் பிடித்து நிற்பது வால்புர்கிஸ் என்ற பெண். மேற்கொண்டு விவாதம் தேவையில்லை. மார்புக் காப்பு சரியான அளவில் கிடைப்பதுதான் நடைமுறைச் சிக்கல், இரவல் பெட்டியில் ஒன்றிரண்டு வைத்திருங்கள்.

"பையனுக்கு எட்டு வயசு, வாள்னா உயிர். கூட்டிட்டு வரலாமா?"

வகுப்பைப் பார்க்கக் கூட்டிவரலாம். பெரியவர்களோடு சேர்க்க மாட்டோம். எஸ்.சி.ஏ.வில் இளையோருக்குத் தனிச் சண்டைப் பிரிவு இருக்கிறது. மெத்தை சுற்றிய ஆயுதம், வயதுவாரியாகப் பிரித்த குழு, அதற்கென்று பின்னணி சரிபார்க்கப்பட்ட மார்ஷல்கள், பெற்றோர் கையெழுத்து. அந்த ஏற்பாடு இல்லாத கூடுகையில் 'ஒரு அஞ்சு நிமிஷம்தானே' என்று நீங்களாகக் கேட்டாலும் சொல்லித்தராதவர்தான் பொறுப்பான ஆள்.

"எனக்குச் சிலம்பம் தெரியும். அங்க வந்து சுத்திக் காட்டலாமா?"

கட்டாயம் வாருங்கள், ஆனால் 'காட்டுவது' வேறு, 'மோதுவது' வேறு. காட்டுவதற்குச் சுற்றளவு மட்டும் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் கம்பு எட்டும் தூரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். ஐரோப்பிய ஏடுகளிலும் கம்பு உண்டு. 1599-இல் ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர், எல்லா ஆயுதங்களையும் ஒப்பிட்டுக் கம்பை மிக உயர்வாகச் சொல்கிறார். அவர் சொல்லும் கம்பு எட்டு, ஒன்பது அடி. நம் சிலம்பக் கம்பு நெற்றி உயரம். அந்த நீள வித்தியாசத்தால் எல்லாமே மாறுகிறது. அவருடையது பெரும்பாலும் ஒரு முனையை நீட்டிக் குத்துவது, நம்முடையது இரு முனையும் சுழல்வது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது அருமையான வகுப்பாக இருக்கும், ஆனால் தொடாமல். மாஸ்க் கம்படியைத் தாங்காது. பிரம்புக் களத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. அங்கே வெட்டும் நீள் ஆயுதத்துக்கு ஏழரை அடிதான் உச்சம், அதோடு விதி கேட்கும் கனமும் மெத்தையும் வேண்டும்.

"கூர் வாளால பாயை வெட்டிப் பார்க்கறாங்களே, அதையும் சேர்த்துக்கலாமா?"

ஊறவைத்துச் சுருட்டிய பாயை வெட்டுவது நல்ல பாடம்தான். வாள் விளிம்பு கோணலாகப் போனால் பாய் சிரித்துக்கொண்டு நிற்கும். ஆனால் அது தனி நிகழ்ச்சி, தனிக் கயிறு, தனி அனுமதி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூர் வாள். கூர் வாளும் மழுங்கல் வாளும் ஒரே பெட்டியில், ஒரே மேசையில் இருக்கவே கூடாது.

ஃபியோரே தன் முன்னுரையில் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறார். கவசம் போட்டுக் களத்தில் இறங்கினால் நிறைய அடி வாங்கியும் ஜெயிக்கலாம், கூர் வாள் முன்னால் ஒரு தடுப்பு தவறினாலும் உயிர் போகும் என்று. அவர் அப்படி ஐந்து முறை நின்றவர்.

"வாளை எப்படிக் கொண்டுபோறது? போலீஸ் பிடிக்குமா?"

அமெரிக்காவில் விமானம் என்றால் கைப்பையில் கூடாது, சரக்குப் பெட்டியில் உறை போட்டுச் சுற்றி வைத்து அனுப்பலாம். நைலான் வாளுக்கும் அதே வழி. பாதுகாப்பு மேசையில் தர்க்கம் செய்ய வேண்டாம்.

இங்கிலாந்தில் சட்டம் கடுமை. காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி, வாள் வைத்திருப்பதே குற்றம். 2008 முதல் 50 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ அலகுள்ள வளைந்த வாளை விற்பதற்கும் இறக்குமதிக்கும் தடை உண்டு. வரலாற்று மீட்டுருவாக்கத்துக்கும் விளையாட்டுக்கும் விலக்கு இருக்கிறது. விலக்கு இருக்கிறது என்பதற்காக வாளைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலில் போகாதீர்கள். பூட்டிய நீளப் பை, உள்ளே நிகழ்ச்சி அழைப்பின் அச்சுப்பிரதி, வழியில் டீக்கடைக்கு எடுத்துப்போவதில்லை.

"மத்த நாட்டுக் கூடுகைகள்லயும் இதே மாதிரிதானா?"

இல்லை. பிரிட்டனின் பல குழுக்களில் மழுங்கல் எஃகு வாள்தான், ஆனால் கவசமோ மாஸ்க்கோ அதிகம் இல்லாததால் தலையில் வெட்டுவதும் முகத்துக்குக் குத்துவதும் கூடாது. அங்கே பழகியவர் நம் வகுப்புக்கு வந்தால் வாளை எதிரியின் உடம்புக்கு வெளியே நிறுத்துவார். அது அவர் கற்ற பாதுகாப்பு, கிண்டல் செய்யாதீர்கள். போலந்தில் 1410 ஜூலை 15 நடந்த குருன்வால்டு போரை அந்த வயலிலேயே ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறார்கள். கிழக்கு ஐரோப்பாவில் தொடங்கிப் பரவிய இன்னொன்று 'பூஹூர்ட்' எனும் முழுக் கவச மோதல். கோடரியால் அடித்து, கட்டிப்பிடித்து, கீழே தள்ளுவார்கள். அதைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம், நம் வகுப்பில் யாரும் யாரையும் வேலி மேல் தூக்கிப் போடமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"'ஏட்டுல அப்படி இல்லை'ன்னு ஒருத்தர் நடுவுல வந்து நின்னா என்ன பண்றது?"

வராமல் இருக்கமாட்டார். ஏட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். முக்கியமான ஏடுகளின் படமும் மொழிபெயர்ப்பும் 'விக்டனவர்' என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர் சொல்வது வேறு ஆசானின் முறையாக இருக்கலாம். அதே ஆசானின் வேறு படியாகவும் இருக்கலாம்; ஃபியோரேயின் படிகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 'இரண்டு விதமாகவும் செய்து பார்க்கலாம், மாஸ்க் போட்டு வாருங்கள்' என்று கூப்பிடுங்கள். மாஸ்க் போட்டு வந்தால் வகுப்புக்கு லாபம். வராவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.

"யாருக்காவது அடிபட்டுட்டா?"

'ஹோல்ட்' சொல்லி எல்லோரையும் நிறுத்துங்கள். விரல் என்றால் உடனே கையுறையைக் கழற்றச் சொல்லுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது, மோதிரம் இருந்தால் இன்னும் மோசம். அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே மோதிரத்தை வாங்கிவிடுங்கள். தலையில் பலமாகப் பட்டு, அவர் 'ஒண்ணும் இல்லை' என்று சொன்னாலும் அன்றைக்கு அவருக்குச் சண்டை முடிந்தது. முகாமின் முதலுதவிக் கூடாரம் எங்கே, ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும் என்பதைக் காலையிலேயே போய்ப் பார்த்துவையுங்கள். மார்ஷலிடம் அன்றே எழுதிக் கொடுங்கள். வெயிலில் மயங்குபவர்கள்தான் நடைமுறையில் அதிகம்: கால் மணிக்கு ஒருமுறை மாஸ்க்கைக் கழற்றித் தண்ணீர் குடிக்க வையுங்கள், கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

"அறிவிச்சும் யாருமே வரலைன்னா?"

முதல் காலை அப்படித்தான் இருக்கும். கூட ஒரு ஆளைத் தயார் செய்துகொண்டு போங்கள். இருவரும் மெதுவாகச் செய்துகொண்டிருந்தால், தண்ணீர் எடுக்கப் போகிறவர் நின்று பார்ப்பார். அவருக்குக் கொடுக்க ஒரு மாஸ்க்கும் ஒரு நைலான் வாளும் கயிற்றின் ஓரத்தில் தயாராக இருக்கட்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டுவிட்டு.